ரிஜெக்சனில் விழுந்த நல்லரிசி

(புதுவயலில் ஆலைக் கணக்கர்கள், வணிகர்கள், மாணவர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பொட்டலத்தைப் பாருங்கள். காலையில் இங்கே வருகிற வழியில் நண்பர் ஒருவரின் மில்லில் இறங்கினேன். சார்ட்டெக்ஸ் மெசினின் ரிஜெக்சன் குழாயடியில் கையை நீட்டி ஒரு பிடி வாங்கி, தாளில் மடித்து எடுத்து வந்தேன். இப்போது மேசையில் விரிக்கிறேன். கருப்பரிசி இருக்கிறது. பழுப்பேறியது இருக்கிறது. இரண்டு கல், உமி போகாத ஒரு நெல். இவற்றுக்கு நடுவே, எந்தக் குறையும் சொல்ல முடியாத வெள்ளை அரிசி 17 மணி. காரில் உட்கார்ந்து எண்ணினேன்.

சார்ட்டெக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் பெயர். நம் பக்கத்தில் அது மெசினுக்கே பெயராகிவிட்டது. அதன் வேலை இந்த அவையில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், கல்லூரிப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சரிவான தகட்டில் அரிசி வழுக்கி விழுகிறது. விழும்போதே கேமரா மணி மணியாகப் பார்க்கிறது. நிறம் மாறிய மணி கண்ணில் பட்டால், கீழே இருக்கும் காற்று வால்வு கண் இமைப்பதற்குள் திறந்து அதை ஊதி வேறு குழாய்க்குத் தள்ளுகிறது. அந்தக் காற்று ஒரு மணியை மட்டும் தொட்டு நிற்பதில்லை, பக்கத்தில் விழுந்துகொண்டிருக்கும் நல்ல மணியையும் சேர்த்துத்தான் தள்ளும். மெசினைக் கூர்மையாக வைத்தால் மூட்டையில் கருப்பு வராது, ரிஜெக்சனில் நல்லரிசி கூடும். தளர்த்தி வைத்தால் நல்லரிசி தப்பும், பார்ட்டி மூட்டையைப் பிரித்துக் கருப்பைக் கையில் எடுத்துக் காட்டுவார். இரண்டு பக்கமும் நட்டமில்லாத அளவு எந்த மெசினிலும் கிடையாது. அதனால்தான் ரிஜெக்சனை மறுபடி ஓட்டுகிறோம். ஆபரேட்டர் அவ்வப்போது தட்டில் ஒரு பிடி வாங்கிப் பார்க்கிறார்.

உங்கள் ஆலையில் இன்னொரு பிரிக்கிற மெசினும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது மெயிலைப் பிரிக்கிறது. இது பார்ட்டி, இது விளம்பரம், இது ஸ்பேம் என்று நீங்கள் தூங்குகிற நேரத்திலும் ஊதித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த ரிஜெக்சன் குழாயடியில் கையை நீட்டிப் பார்க்கிறவர் உங்கள் அலுவலகத்தில் யார்? இதைக் கேட்கத்தான் இன்று வந்தேன்.

2015இல் கூகுள் ஒரு கணக்கை வெளியிட்டது. வேண்டிய மெயில் தவறுதலாக ஸ்பேமுக்குப் போவது ஜிமெயிலில் 0.05 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது. அதாவது 10,000 நல்ல மெயிலில் 5. சின்னக் கணக்குதான். நம் ஊருக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆலைக்கு நாளுக்கு 40 மெயில், வருடத்தில் 300 நாள் என்று வைத்தால் 12,000. அந்த விகிதத்தில் வருடத்துக்கு 6. அந்த ஆறில் ஐந்து, யாரோ அனுப்பிய தீபாவளி வாழ்த்தாக இருக்கலாம். ஆறாவது என்ன என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இது ஸ்பேம் கணக்கு மட்டும். ஸ்பேம் எது என்று ஊர் உலகத்தார் கோடிக்கணக்கில் சொல்லிக் கொடுத்ததால் மெசினுக்கு அது நன்றாகத் தெரியும். உங்கள் ஆலையில் ‘தவிடு பார்ட்டி’ என்று ஒரு கோப்புறை இருக்கிறதே, அதைச் சொல்லிக் கொடுக்க நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். அங்கே தவறு இன்னும் கூடத்தான் செய்யும்.

நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆலையில் கணக்குப் பார்க்கும் பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, காலையில கம்ப்யூட்டரத் தொறந்தா நூறு மெயிலு. பேங்க்ல லோன் வேணுமாங்கிறாங்க, போன் கம்பெனியில ரீசார்ஜ் பண்ணுங்கிறாங்க. இதுக்கு நடுவுல பார்ட்டி மெயிலத் தேட முடியல. ஏதாச்சும் பண்ணிக் குடுங்க தம்பி.”

பார்த்தேன். அவரைத் தொல்லை செய்த மெயில்களில் பெரும்பாலானவை, பதில் போட முடியாத தானியங்கி முகவரிகளிலிருந்து வந்தவை. அனுப்புநர் முகவரியிலேயே ‘பதில் அனுப்பாதீர்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். அப்படி வருகிற எதுவானாலும் இன்பாக்ஸில் நிற்காமல் ‘அப்புறம்’ என்ற கோப்புறைக்குப் போகட்டும், படித்ததாகவும் குறித்துவிடட்டும் என்று ஒரு ஃபில்டர் போட்டுக் கொடுத்தேன். இன்பாக்ஸ் துடைத்து வைத்த திண்ணை மாதிரி ஆகிவிட்டது. பெரியவர் போன் செய்து மனசார வாழ்த்தினார்.

ஜிஎஸ்டி தளத்திலிருந்து வருகிற மெயிலும் அப்படிப்பட்ட ஒரு தானியங்கி முகவரியிலிருந்துதான் வருகிறது. ரிட்டர்னில் வித்தியாசம் இருப்பதாகச் சொல்லி, 30 நாளில் விளக்கம் கேட்கும் நோட்டீஸ் ஒன்று அவருக்கு அப்படி வந்தது. ‘அப்புறம்’ கோப்புறையில், படித்ததாகக் குறி போட்டு, ரீசார்ஜ் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. ஆடிட்டர் வேறு ஏதோ கேட்கப்போய் அது கண்ணில் பட்டபோது 26ஆம் நாள். மிச்சமிருந்த நான்கு நாளில் பழைய வே பில்லையெல்லாம் தோண்டி எடுக்க அந்தப் பெரியவர் இரண்டு இரவு ஆலையிலேயே படுத்தார். நெல் அவிக்கிற வாடைக்கு நடுவே, பழைய ஃபைல்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஃபில்டர் தவறு செய்யவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி செய்தது. மெயில் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று பார்த்த நான், எதற்காக வருகிறது என்று பார்க்கவில்லை.

‘மெயில் என் கண்ணில் படவில்லை’ என்று சொல்லித் தப்பிக்க முடியுமா என்று அன்று அவர் கேட்டார். சட்டம் என்ன சொல்கிறது என்பதை இங்கே எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 13ஆம் பிரிவு: மெயில் வாங்குவதற்கென்று நீங்கள் குறித்துக் கொடுத்த கணினி அமைப்புக்குள் ஒரு மின்னணு ஆவணம் நுழைந்த நேரமே அது உங்களுக்குக் கிடைத்த நேரம். நீங்கள் திறந்த நேரம் அங்கே பேச்சில் இல்லை. 2017ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டம், 169ஆம் பிரிவு: பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புவதும், இணையத் தளத்தில் போட்டு வைப்பதும் நோட்டீஸ் சார்வு செய்யும் வழிகளில் சேர்த்தி. பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டு வரும் நோட்டீஸுக்குப் பதில் சொல்ல ஏழு வேலை நாள்தான். தபால்காரர் வந்து கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்குகிற காலத்தில் ‘ஊரில் இல்லை’ என்று சொல்ல இடமிருந்தது. இப்போது கதவுக்குள்ளேயே ஓர் ஆள் நின்று வாங்கி, நமக்குச் சொல்லாமல் பரணில் போட்டுவிடுகிறான். அந்த ஆளை நாமேதான் வேலைக்கு வைத்தோம்.

ஆள் என்று சொன்னது சும்மா சொல்லவில்லை. இந்த மண்ணில் அதற்கு ஒரு முறை இருந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்தில் கடையில் மேலாள் இருப்பார், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பையன் பார்த்துப் பார்த்துத்தான் தொழில் கற்றான். எந்த விலாசத்துக் கடிதம் எங்கே போகும், எது பேரேட்டுக்கு உரியது, எது மேலாள் கண்ணுக்கு மட்டும் என்பதையெல்லாம் யாரும் அவனுக்குச் சட்டமாக எழுதிக் கொடுக்கவில்லை. நூறு கடிதம் போன வழியைப் பார்த்து நூற்றியோராவது போகும் வழியைத் தெரிந்துகொண்டான். இன்று மெயிலைப் பிரிக்கிற மென்பொருள் கற்பதும் அச்சாக இதே விதம்தான். ஒரே ஒரு வித்தியாசம். இதுவரை காணாத விலாசத்தில் ஒரு கடிதம் வந்தால் நல்ல பையன் அதை எங்கேயாவது செருகிவிட மாட்டான். மேலாளிடம் கொண்டுபோய் நிற்பான்.

மெசினையும் அப்படி நிற்க வைக்கலாம். செய்தும் காட்டியிருக்கிறார்கள். 1999இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் சீகல், ஜெஃப்ரி கெஃபார்ட் இருவரும் ‘மெயில்கேட்’ என்று ஓர் உதவியாளை அறிமுகப்படுத்தினார்கள். நீங்கள் மெயிலை எந்தக் கோப்புறையில் போடுகிறீர்கள் என்பதைப் பார்த்துப் பழகி, புது மெயில் வந்ததும் அதற்கு ஏற்றவை என்று மூன்று கோப்புறைப் பெயர்களைப் பொத்தானாகக் காட்டும். அதில் ஒன்றை நீங்கள் அமுக்க வேண்டும், பிடிக்காவிட்டால் வேறெங்காவது போடலாம். நீங்கள் போடுகிற இடத்தை அது உடனே கற்றுக்கொள்ளும். பின்னால் ‘ஸ்விஃப்ட்ஃபைல்’ என்ற பெயரில் லோட்டஸ் நோட்ஸ் மெயிலுக்கு இதே வேலையைச் செய்தது. எனக்கு அந்த மூன்று பொத்தான் மேல் பெரிய மரியாதை உண்டு. மேலாள் முன்னால் கடிதத்தோடு நிற்கும் பையன் அதில் இருக்கிறான். பிறகு வந்த உதவியாட்கள் நமக்கு ஒரு சொடுக்கு மிச்சமாகட்டும் என்று கேட்பதை விட்டுவிட்டுத் தாங்களே போட ஆரம்பித்தார்கள். மெசினுக்குள்ளே அதன் ஊகத்துக்கு ஒரு மதிப்பெண் இருக்கிறது. தொண்ணூறு என்றாலும் போடும், முப்பத்தைந்துதான் என்றாலும், மற்ற கோப்புறைகளுக்கு முப்பதுக்கு மேல் இல்லாவிட்டால், அங்கேயே போடும். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல நாம் அதற்குக் கற்றுக் கொடுத்தால் ஒழிய அது சொல்லாது.

இதனால் வரும் விளைவை நிதானமாக யோசியுங்கள். பழைய மெயிலைப் போன்ற மெயிலை அது அழகாகப் பிரிக்கும். பத்து வருடமாக வாங்குகிற மதுரை பார்ட்டியின் ஆர்டர் ஒரு நாளும் தப்பாது. தப்பினாலும் நட்டமில்லை, அவர் மாலையே போன் போடுவார். முதன்முதலாக வருகிற மெயில்தான் தப்பும். முதல் நோட்டீஸ், இதுவரை பெயர் கேள்விப்படாத ஏற்றுமதிக்காரர், வேலை கேட்டு எழுதும் பையன், பேங்க் மேலாளர் மாறியபின் அவருடைய முதல் கடிதம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இவற்றுக்குப் பழையது இல்லை. எதற்கு நாம் அதிகம் காத்திருக்கிறோமோ அதற்குத்தான் மெசினிடம் முன்மாதிரி இல்லை. இது பழுது இல்லை, எந்தக் கம்பெனி மென்பொருளை வாங்கினாலும் மாறாது. பார்த்துக் கற்கிற முறையின் எல்லையே அதுதான்.

ஆய்விலும் இது தெரிந்திருக்கிறது. அமெரிக்காவின் என்ரான் கம்பெனி 2001இல் திவாலானது. விசாரணையின்போது அதன் அதிகாரிகளின் மெயில்களை அந்நாட்டு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2003இல் பொதுவெளியில் வைத்தது. சுமார் 150 பேருடைய பெட்டிகள், லட்சக்கணக்கான மெயில்கள். நிஜ அலுவலகம் ஒன்றின் மெயில் இப்படிக் கைக்குக் கிடைப்பது அரிது என்பதால் ஆய்வாளர்கள் ஓடி வந்தார்கள். 2004இல் ரான் பெக்கர்மன், ஆண்ட்ரூ மெக்கல்லம், கேரி ஹுவாங் மூவரும், கோப்புறையில் தானாகப் போடும் முறைகளை அதில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். காலவரிசைப்படி பழையதைக் கற்கவைத்து, அடுத்து வந்ததைப் பிரிக்கச் சொன்னார்கள். ஒருவர் பெட்டியில் நன்றாக ஓடிய முறை இன்னொருவர் பெட்டியில் தடுமாறியது. ஏனென்றால் மனிதர்கள் கோப்புறையை நடுவில் தொடங்குவார்கள், நடுவில் கைவிடுவார்கள். ஒருவர் ஆளின் பெயரால் பிரிப்பார், இன்னொருவர் வேலையின் பெயரால். சிலர் இரண்டையும் கலந்து வைத்திருப்பார்கள்.

நம் ஊரிலும் பகுப்பு ஒருவருடைய தலைக்குள்தான் இருக்கிறது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் நீங்கள் அறிவீர்கள். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக ஆக்க வழி செய்தது. அறிந்தவர்கள் பலர் சேர்ந்து உட்கார்ந்து பட்டியலிட்டதால் அந்தச் செல்வம் இன்று யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற நிலையில் இருக்கிறது. ஆனால் உங்கள் கணக்கர் ஊருக்குப் போனால், அவருடைய ‘பெண்டிங் 2’ கோப்புறையில் எது இருக்கும் என்று யாருக்காவது தெரியுமா? அவரைப் பார்த்துப் பழகிய மெசின், அவர் போன பிறகும் அவருக்காகவே பிரித்துக்கொண்டிருக்கும்.

இனி நம் மொழியால் வருகிற சிக்கலுக்கு வருகிறேன். வெளிநாட்டில் எழுதிய உதவிக் குறிப்பு எதிலும் இது இருக்காது.

கவுனி அரிசி விற்கிற ஒருவர் வந்தார். ‘கவுனி’ என்ற சொல் வந்தால் ஆர்டர் கோப்புறைக்குப் போகட்டும் என்று ஃபில்டர் போட்டிருக்கிறார். பாதி ஆர்டர் போகிறது, பாதி போகவில்லை. போகாத மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஒருவர் ‘கவுணி’ என்று எழுதியிருந்தார். ஒருவர் ‘கௌனி’. ஒருவர் ஔகாரக் குறியின் கடைசி உறுப்புக்குப் பதில் ளகரத்தையே அடித்து ‘கெளனி’ என்று போட்டிருந்தார். நம் கண்ணுக்கு அது கௌனிதான், மெசினுக்கு ‘கெ’, ‘ள’, ‘னி’ என்று மூன்று எழுத்து. சென்னைக்காரர் ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தார், அதிலும் இரண்டு விதம். இன்னொருவர் சரியாகத்தான் எழுதியிருந்தார், ஆனால் ‘கவுனியில் 25 கிலோ’ என்று. முழுச் சொல்லாகப் பார்க்கும் ஃபில்டருக்குக் ‘கவுனி’ வேறு, ‘கவுனியில்’ வேறு. ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பின்னால் இடைவெளி விட்டு அடுத்த சொல் வரும். தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே வரும். நெல் என்று தேடினால் நெல்லை, நெல்லுக்கு தப்பும். நெற்கொள்முதல் என்பதில் ‘நெல்’ என்ற எழுத்தே இல்லை.

ஒகரத்தைப் பாருங்கள். ‘கொள்முதல்’ என்பதில் வரும் ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். ஒகரக் குறி ஒன்றாகவே வரலாம். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. நல்ல மென்பொருள் இரண்டையும் ஒன்றாகப் பாவிக்க வேண்டும், பல மென்பொருள் பாவிப்பதில்லை. தலைப்பில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நீங்கள் தமிழில் தலைப்பிட்டு அனுப்பும் மெயில், வழியில் தமிழாகப் போவதில்லை. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சங்கேதமாகப் போய், சேருமிடத்தில் மறுபடி தமிழாகிறது. பழைய ஃபில்டர்கள் அந்தச் சங்கேதத்தையே பார்த்துவிட்டு, நீங்கள் கொடுத்த தமிழ்ச் சொல் அதில் இல்லை என்று சொல்லும். பாமினி எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பு வந்தால் அதைவிட மோசம். நம் கண்ணுக்குத்தான் அது தமிழ், மெசின் பார்ப்பது பொருளற்ற ஆங்கில எழுத்து. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இன்றும் சில அலுவலகங்களில் பழைய எழுத்துரு ஓடுகிறது, தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

கவுனிக்காரருக்கு என்ன செய்தோம்? சொல்லைப் பிடிக்கிற ஃபில்டரையே எடுத்துவிட்டோம். ஆர்டருக்கென்று தனியாக ஒரு முகவரி. ஜிமெயிலில் உங்கள் பெயருக்கும் பின்னால் வரும் @ குறிக்கும் நடுவே ஒரு கூட்டல் குறி போட்டு ‘ஆர்டர்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் அதுவும் உங்கள் பெட்டிக்கே வரும். அந்த முகவரியைப் பில்லிலும் பையிலும் அச்சடித்தார். இப்போது யார் எப்படி எழுத்துப் பிழை விட்டாலும் ஆர்டர் சேர்கிறது. சொல்லை நம்பாமல் வாசலை நம்பினோம்.

ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ‘ஸ்கேன் 0001’ என்ற பெயரில், உள்ளே ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பும் பில் எந்த உதவியாளுக்கும் வெறும் படம்தான். தலைப்பில் ஆலைப் பெயரும் பில் எண்ணும் போட அரை நிமிடம் ஆகும். அதேபோல் பழைய மெயிலைத் தேடி எடுத்து, ரிப்ளை அமுக்கி, சம்பந்தமில்லாத புது விஷயத்தை எழுதுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். தலைப்பு மாறாததால் அது பழைய பேச்சோடு ஒட்டிக்கொண்டு பழைய கோப்புறைக்கே போய்விடும்.

சரி, மெயில் காணவில்லை. என்ன செய்வது?

“நேத்தே மெயில் போட்டாச்சுண்ணே” என்கிறார் பார்ட்டி. “வரலையே தம்பி” என்கிறீர்கள். இருவரும் உண்மைதான் சொல்கிறீர்கள். முதலில் இன்பாக்ஸை மேலும் கீழும் உருட்டுவதை நிறுத்துங்கள். தேடல் பெட்டியின் ஓரத்தில் விவரமாகத் தேடும் பகுதி இருக்கிறது. அங்கே ஸ்பேமும் குப்பைத் தொட்டியும் உட்பட எல்லா இடத்திலும் தேடு என்று தேர்ந்தெடுத்து, அனுப்பியவர் முகவரியை மட்டும் போடுங்கள். தலைப்பையோ தமிழ்ச் சொல்லையோ போடாதீர்கள், காரணம் இப்போது சொன்னேன். அங்கே கிடைத்தால், மெயில் வந்திருக்கிறது, யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் அது வரவே இல்லை, அல்லது வந்து இறங்கி வேறு கணினிக்குப் போய்விட்டது. இந்தப் பிரிவினையை முதலில் செய்யாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்கியவர்கள் இருந்ததையும் கெடுத்துக்கொண்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நகர்த்தியது யார்? ஒரே பெட்டியில் மூன்று கை வேலை செய்கிறது. மெயில் சர்வரில் போட்ட ஃபில்டர் ஒரு கை. அலுவலகக் கணினியில் அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ போட்ட ரூல் இரண்டாவது. முதலாளியின் போனில் உள்ள செயலி மூன்றாவது. அவுட்லுக்கின் சில ரூல்கள் அந்தக் கணினி திறந்திருந்தால்தான் ஓடும். ஞாயிறு முழுக்க மெயில் இன்பாக்ஸில் இருந்தது, திங்கள் காலை 9 மணிக்குக் கணக்கர் கணினியைப் போட்டதும் மாயமானது என்றால் சந்தேகமே வேண்டாம், இரண்டாவது கைதான். கணினியை அணைத்து வைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒரு சோதனை மெயில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கையாகக் கட்டிப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் ஒன்றும் தெரியாது. ரூல்கள் மேலிருந்து கீழாக வரிசையாக ஓடுகின்றன என்பதையும் பாருங்கள். மேலே உள்ளது ‘இதோடு நிறுத்து’ என்று சொல்லியிருந்தால் கீழே உள்ளது எவ்வளவு சரியாக இருந்தாலும் அதற்கு வேலையே வராது.

வரவே இல்லை என்றால், அனுப்பியவருக்குத் திரும்பி வந்த செய்தி ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். நம் ஊரில் நான் பார்த்ததில் அடிக்கடி வருகிற காரணம் இடம் நிறைந்துபோவதுதான். கூகுள் இலவசமாகக் கொடுக்கும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் இல்லை. போட்டோவும் டிரைவும் அதிலேயே பங்கு. முதலாளியின் போனில் ஆலை மெயிலைப் போட்டுவைத்து, பேரப்பிள்ளை காதுகுத்து வீடியோவெல்லாம் அதில் ஏறி இடம் நிறைந்தால், மெயில் வருவது நின்றுவிடும்.

நீங்கள் போடாத ஒரு ரூல் பட்டியலில் இருந்தால், அங்கேயே எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கடவுச்சொல்லைத் திருடியவர்கள் முதலில் செய்கிற வேலைகளில் ஒன்று, பேமெண்ட், பேங்க் என்ற சொல் வரும் மெயிலை நீங்கள் எட்டிப் பார்க்காத ஒரு கோப்புறைக்கு மாற்ற ரூல் போடுவதுதான். பிறகு உங்கள் பெயரில் பார்ட்டிக்கு எழுதி, ‘அக்கவுண்ட் நம்பர் மாறிவிட்டது’ என்பார்கள். பார்ட்டி சந்தேகப்பட்டுக் கேட்கும் பதில் மெயில் உங்களுக்கு வராது. கடவுச்சொல்லை மாற்றி, ரூலை நீக்கி, யாருக்காவது தானாக அனுப்பும்படி வைத்திருக்கிறதா என்று பார்த்து, பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள்.

சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் ஆலைகளுக்கு ஒன்று. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், அனுப்புகிறவரின் டொமைன் உண்மையானதா என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளில் ஒன்றையாவது கண்டிப்பாக எதிர்பார்க்கிறது. இரண்டும் இல்லாவிட்டால் உங்கள் கொட்டேஷன் வாங்குகிறவர் பெட்டியில் ஸ்பேமாகிவிடலாம். உங்களுக்குத் தெரியவே தெரியாது. வெப்சைட் போட்டுக் கொடுத்தவரிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, உதவியாளே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. நாளுக்கு 100 மெயில் வருகிற பெரியவரின் கண் வலி எனக்குத் தெரியும். ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள் என்கிறேன். ஜிமெயில் 2004இல் வந்தபோது கோப்புறைக்குப் பதில் லேபிள் என்று ஒன்றைக் கொடுத்தது. ஒரே மெயிலில் இரண்டு மூன்று சீட்டு ஒட்டலாம், மெயில் இருந்த இடத்திலேயே இருக்கும். உதவியாள் சீட்டை ஒட்டட்டும், இன்பாக்ஸை விட்டு நகர்த்துவது மனிதர் கையாக இருக்கட்டும். அரசு முகவரி, பேங்க், ஆடிட்டர் இவை எந்த நாளும் ஸ்பேமுக்குப் போகாது என்று தனியாக ஒரு ஃபில்டர். புது ஃபில்டர் போட்ட அன்று அது எதையும் நகர்த்தக்கூடாது. ஒரு மாதம் சீட்டு மட்டும் ஒட்டவிட்டு, சரியாக ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகு அதிகாரம் கொடுங்கள். பெட்டியடிப் பையனுக்கும் முதல் நாளே சாவியைக் கொடுத்ததில்லை.

அந்தப் பெரியவரின் ஆலையில் இப்போது சனிக்கிழமை மாலை சம்பளம் பட்டுவாடா முடிந்ததும், அவர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பேம் கோப்புறையைத் திறந்து, ஒரு வாரத்துக்கு உள்ளதை மேலிருந்து கீழாக வாசிக்கிறார். பத்து நிமிடம் ஆகிறதாம். போன மாதம் கேட்டபோது, கேரளத்திலிருந்து குருணைக்கு விலை கேட்டு எழுதிய ஒருவரை அங்கிருந்து எடுத்ததாகச் சொன்னார்.

ஜிமெயிலில் ஸ்பேம் 30 நாள்தான் தங்கும், பிறகு தானாக அழிந்துவிடும். 30 நாளுக்கு முன் உங்கள் ரிஜெக்சனில் விழுந்தது இன்றோடு போகிறது. கூட்டம் முடிந்து டீ கொடுப்பதற்குள் நேரம் இருக்கிறது. போன் கையில் வைத்திருப்பவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள். ஸ்பேமைத் திறந்து அடியிலிருந்து ஆரம்பிப்போம்.